கறுப்புக்கு நட்டு, வெள்ளைக்கு வாஷர்

தை மாதத்தில் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுபவனுக்குக் காலையில் வேலை கிடையாது. பார்ப்பவர்களுக்கு இது புரியாது. வயல் முற்றி நிற்கும், வண்டி வரப்போரம் நிற்கும், டீசல் இருக்கும், டிரைவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பான். பனி காயவேண்டும். ஈரத்தோடு அறுத்தால் வைக்கோல் வண்டிக்குள் சுற்றிக்கொள்ளும், நெல் பிரியாமல் தாளோடு வெளியே போய்விடும். வெயில் ஏறி, கதிரைக் கையில் பிடித்துக் கசக்கினால் சலசலக்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் சில டிரைவர்கள் தூங்குவார்கள், சிலர் போனில் படம் பார்ப்பார்கள். நான் குறுக்கெழுத்துப் போடுவேன்.

பரீட்சைக் கேள்வி மாதிரி நேராகக் கேட்கிற குறுக்கெழுத்து அல்ல இது. குறிப்பு ஒரு பக்கம் கையைக் காட்டும், விடை இன்னொரு பக்கம் ஒளிந்திருக்கும். ‘தலை போன கவிதை முளைக்கும்’ என்று போட்டு, பக்கத்தில் இரண்டெழுத்து என்றிருக்கும். கவிதையின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விதை. அவ்வளவுதான் சூட்சுமம். இணையத்தில் தினமும் காலையில் புதிதாக ஒன்று வரும். மாலையில் விடை வரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்பு சூழ்ந்த ஊரில் பிறந்து, அங்கே நிற்கப் பிடிக்காமல் கிளம்பியவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு மும்பையில் ஒரு இட்லிக் கடை, பிறகு போர்வெல் வண்டி. போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசம் முழுக்கச் சுற்றினேன். கம்ப்ரசர் சத்தத்தில் வலது காது மந்தமாகிப் போனது. அங்கே பேசத் தமிழ் ஆள்கள் இருந்தார்கள், ஆனால் படிக்க ஒரு போர்டுகூடத் தமிழில் கிடையாது. எழுத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். போனில் தமிழில் எதையாவது தட்டித் தேடிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் இந்தக் கட்டம் அகப்பட்டது. மாதக்கணக்கில் ஒன்றும் புரியவில்லை. கேள்வி தப்பாக அச்சாகியிருக்கிறது என்றே நினைத்தேன். மாலையில் வரும் விடையையும் காலைக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் வழி பிடிபட்டது.

போர்வெல்லை விட்டுவிட்டு மிஷினுக்கு வந்த முதல் வருஷம், சம்பா அறுப்புக்குக் குடவாசல் பக்கம் வந்தேன். வந்த இரண்டாம் நாளே வண்டியின் முன்பக்கம் ஒரு போல்ட் தளர்ந்து ஆடியது. கழற்றிப் பார்த்தால் அதன் மரை முழுக்கத் தேய்ந்திருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எதையோ முறைத்துக்கொண்டிருந்தார்.

“பாய், இந்தப் போல்ட்டு மரை போயிடுச்சு. இதே சைஸ்ல ரெண்டு குடுங்க.”

அவர் நிமிரவில்லை. “என்ன போயிடுச்சு?”

“மரை பாய். மரை.”

“மரை!” என்று கத்தினார். போனில் விரலால் குத்தினார். குத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நல்லா இருப்பே. காலைலேர்ந்து உசுர வாங்கிருச்சு.”

போன் என் பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும். ‘கொடு, போல்ட்டின் மேல் ஓடும் கோடு குளத்தில் பூக்கும்.’ மூன்றெழுத்து. கொடு என்றால் தா. தாவோடு மரை சேர்ந்தால் தாமரை. நானும் காலையிலிருந்து அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். மரை போன போல்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

“நீங்களும் போடுவீங்களா?” என்றேன்.

“நீயும் போடுவியா?” என்றார்.

இரண்டு பேரும் ஒரு வினாடி, ஊர்க்காரனை வெளிநாட்டு விமான நிலையத்தில் பார்த்ததுபோல் நின்றோம். பிறகு அவர், “போல்ட்டு வித்தேன் ஒரு ஆயுசு. எனக்குத் தெரியல பாரு” என்றார்.

அதிலிருந்து பனி காயும் நேரம் பாய் கடையில் கழிந்தது. அவர் என்னை டிரைவர் என்பார். நான் பாய் என்பேன். அவரவர் போனில் அவரவர் போடுவோம். மாட்டிக்கொண்ட இடத்தில் பேசுவோம். எங்கள் வழி வேறு வேறு. நான் பாதி தெரிந்தவுடன் எழுதிப்பார்ப்பேன், இடித்தால் அழிப்பேன். பாய் குறுக்கும் நெடுக்கும் எல்லா எழுத்தும் பொருந்தினால்தான் ஒரு விடையை வாயால் சொல்வார். “உனக்கு அவசரம் ஜாஸ்தி” என்பார். “உங்களுக்கு உறுதி ஜாஸ்தி” என்பேன்.

புதிரைப் போட்டவர்கள் எல்லாம் அதற்குக் கீழே கருத்து எழுதலாம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாலைவரை விடையை யாரும் உடைக்கக்கூடாது. ‘எட்டாவது நெடுக்கு அருமை’ என்று ஜாடையாகத்தான் சொல்லவேண்டும். எனக்கு அது தெரியாது. முதல் முறை எழுதப் போனபோது காலையிலேயே, ‘வணக்கம், நாலாவது குறுக்கு வாய்க்கால்’ என்று போட்டுவிட்டேன். யாரோ ஒரு அம்மா, ‘புதிய நண்பரே, வாய்க்காலில் தண்ணீர் மாலையில்தான் திறப்போம்’ என்று எழுதினார். பாய் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “இவருதான் மதகைத் திறந்துவிட்டவரு” என்று என்னை அறிமுகம் செய்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அடுத்த வருஷம் நான் போனபோது பாயின் இடது கண் போயிருந்தது. சர்க்கரை. “ஒருநாள் காலைல எந்திரிச்சேன், திரை இறக்குன மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு இருந்துட்டேன்” என்றார். அப்படி இருந்துவிட்டதில் கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணால் போனைப் பார்த்துப் புதிர் போட்டார். “உனக்கு ஒரு காது, எனக்கு ஒரு கண்ணு. சேத்தா ஒரு ஆள் கணக்கு வரும்” என்றார்.

அதற்கடுத்த தை மாதம் நான் கடைக்குள் நுழைந்தேன். பாய் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“என்ன பாய், மறந்துட்டீங்களா?”

குரல் கேட்டவுடன் முகம் மலர்ந்தது. “வா டிரைவரு, வா.”

வலது கண்ணிலும் புகை படர்ந்திருந்தது. ஆள் வருவது தெரிந்தது, முகம் தெரியவில்லை. நட்டு போல்ட்டையெல்லாம் கையே சொல்லிவிடுவதால் கடை நடந்தது. ரூபாய் நோட்டை மட்டும் வீட்டம்மா வந்து பார்த்து வாங்கினார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த அம்மாவை நான் அக்கா என்பேன்.

அன்றைக்கு டீ கொண்டுவந்த அக்கா, என்னை வெளியே நிறுத்திச் சொன்னார். தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உள்ளே ஏதோ சவ்வு இழுக்கிறதாம். ஆபரேஷன் செய்து அதை வெட்டி எடுத்து, கண்ணுக்குள் காற்று மாதிரி ஒன்றை நிரப்புவார்களாம். அது உள்ளே அழுத்திப் பிடிப்பதற்காக நாள்கணக்கில் குப்புறப் படுத்திருக்கவேண்டுமாம். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். செய்யாமல் விட்டால் இடது கண்ணில் இறங்கிய திரை இதிலும் ஒரு நாள் இறங்கிவிடும்.

“மாட்டேங்குறாங்க தம்பி. இருக்குற வெளிச்சத்தையும் டாக்டரு எடுத்துட்டாருன்னா என்ன பண்றதுங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்ககிட்டதான் வாயத் தொறந்து பேசுறாங்க, அந்தக் கட்டத்தப் பத்தியாவது.”

எனக்கு ஆள் மனத்தை மாற்றுகிற மாதிரிப் பேசத் தெரியாது. என்னையே யாராலும் ஒரு இடத்தில் உட்கார வைக்க முடிந்ததில்லை. சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாய் தன் போனை என் பக்கம் தள்ளினார்.

“படி. நான் கேட்டுப் போடுறேன்.”

படித்தேன். குறிப்பைக் கேட்டால் விடை வந்துவிடும் அவருக்கு. ஆனால் எந்தச் சொல் எந்தச் சொல்லை எங்கே வெட்டுகிறது என்பது மனத்தில் நிற்கவில்லை. இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய இரும்புத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு டப்பா கறுப்பு நட்டு, ஒரு டப்பா வெள்ளி நிற வாஷர்.

“வரிசை வரிசையாச் சொல்லிக்கிட்டே வையி. கறுப்புக்கு நட்டு, வெள்ளைக்கு வாஷர்.”

வைத்தேன். முடித்ததும் அவர் இரண்டு கையையும் தட்டின்மேல் பரப்பி, மெதுவாகத் தடவினார். வாஷர் தட்டையாக ஓடும். நட்டு வந்தால் விரல் தட்டி நிற்கும். “இங்க ஆரம்பிக்குது, இங்க முட்டுது. இதுக்கு நாலெழுத்து” என்று தானே சொல்லிக்கொண்டார். விடை விழுந்துவிட்டால் அந்த வரிசையில் ஒவ்வொரு வாஷர் மேலும் இன்னொரு வாஷர் வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இரட்டை வாஷர் என்றால் முடிந்தது, ஒற்றை என்றால் பாக்கி. எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டார்.

அக்கா வந்து பார்த்தார். “ரெண்டு பேரும் காலங்காத்தால கடைச் சாமான வச்சுத் தாயம் ஆடுறீங்களா?”

“தொட்டுராத” என்றார் பாய். “ஒரு நட்டு நகந்தாலும் உலகம் கவுந்துரும்.”

அப்படியும் நகர்ந்தது. கடை என்றால் ஆள் வரத்தான் செய்யும். ஒரு நாள் ஒரு விவசாயி அவசரமாக வந்தார். மோட்டார் நின்றுவிட்டது, நாலு வாஷர் வேண்டும். டப்பாவில் அந்த சைஸ் தீர்ந்திருந்தது. எல்லாம் தட்டில் இருந்தன.

பாய் யோசித்தார். “டிரைவரு, ஏழாவது நெடுக்கு முடிஞ்சிடுச்சுல்ல? மேல உள்ளத எடுத்துக் குடு. அடில உள்ளதத் தொடாத.”

விவசாயி தட்டைப் பார்த்தார். “என்ன பாய், ஜோசியம் கீசியம் பாக்குறீங்களா?”

“ஆமா. உங்க மோட்டரு நாளைக்கும் ஓடாதுன்னு வருது.”

“வாயக் கழுவுங்க பாய்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். மறுநாளும் வந்தார், பெல்ட் வாங்க. வரும்போதே என்னைப் பார்த்து, “இன்னிக்கு என்னன்னு வருது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இடையில் ஒரு நாள் ‘உலகத்தை இறக்கி வைத்தால் கண்ணுக்குக் கிடைப்பது’ என்று ஒரு குறிப்பு வந்தது. மூன்றெழுத்து. பார் என்றாலும் உலகம்தான், அதோடு ஒரு வை. படித்து முடிக்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்று விரல் நின்ற விதத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் சொல்லவில்லை. அவரே மூன்று வாஷரை எடுத்து அந்த வரிசையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

“அடுத்தது படி” என்றார்.

மாசி பிறந்த பிறகு, அறுப்பு முடியப்போகிற சமயம். ஒரு நாள் காலையில் ஒரு மூலை மட்டும் விழாமல் நின்றது. ‘மரியாதையோடு நிலம் சேர, தோடு காதில் நிற்கும்.’ நாலெழுத்து. அதைக் குறுக்கே வெட்டிப்போகும் சொல்லுக்கு நான் வழக்கம்போல அவசரத்தில் ஒரு விடையைச் சொல்லி வாஷரை ஏற்றியிருந்தேன். அதன்படி இரண்டாவது எழுத்து ‘ல’. பாய் அந்த நாலு வாஷரையும் திரும்பத் திரும்பத் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். வெயில் ஏறிவிட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு செயின் லிங்க் வாங்கக் கடைக்குப் போனேன். விடை வந்திருந்தது.

“திருகாணி பாய். மரியாதைக்குத் திரு, நிலத்துக்குக் காணி. நான் சொன்ன குறுக்குதான் தப்பு. நம்ம கடைல மூட்டை மூட்டையாக் கெடக்கு, தெரியல பாருங்க.”

பாய் சிரிக்கவில்லை. “எனக்குக் காலைலேயே வந்துச்சு.”

“பின்ன ஏன் சொல்லல?”

“உன் ‘ல’ இடிச்சுச்சு. நீ அடிச்சுச் சொன்னே.”

“நான் எதத்தான் அடிச்சுச் சொல்லல? சொல்லியிருந்தா என்னோடத எடுத்துட்டு உங்களோடத வச்சிருப்போம்.”

“தப்பாப் போயிருந்தா?”

“போனா போவுது. வாஷர்தானே.”

அவர் பக்கத்திலிருந்த திருகாணி டப்பாவுக்குள் கையை விட்டு, அளைந்துகொண்டே இருந்தார். “வாஷர மாத்தி வைக்கலாம் டிரைவரு” என்றார்.

கண்ணைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கே தெரிந்தது. அக்கா சொல்லச் சொன்ன வார்த்தை என்னவென்று தேடினேன். நல்ல வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. மனத்தில் இருந்ததைச் சொன்னேன்.

“சும்மா இருந்தும் ஒண்ணு போயிடுச்சே பாய்.”

அவர் செயின் லிங்கைத் தடவி எடுத்து, தாளில் சுற்றிக் கொடுத்தார். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று அறைக்குப் போகும்வரை உறுத்தியது.

அடுத்த நாலைந்து நாள் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதிர் மட்டும் போட்டோம். ஆனால் ஒன்று மாறியது. பாதி தெரிந்த விடைகளையும் சொல்ல ஆரம்பித்தார். பாதிக்கு மேல் தப்பாகப் போயிற்று. “பாத்தியா, உன்கூடச் சேந்து கெட்டுப்போயிட்டேன்” என்பார். நான் வாஷரை எடுத்துவிட்டு வேறு வைப்பேன்.

வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள். தட்டில் எல்லாம் இரட்டை வாஷர் ஆனபிறகு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“குப்புறப் படுத்துக்கிட்டு ஒருத்தன் பொழுதுக்கும் என்ன பண்ணுவான்? பைத்தியம்ல புடிச்சிரும்.”

“புதிர் போடலாம்.”

“நீதான் நாளைக்கு ஆரணிப் பக்கம் போறியே.”

“போன்ல படிக்கிறேன். பனி காயுற நேரத்துல தெனமும் கூப்பிடுறேன். இங்க ஒக்காந்து படிக்கிறத அங்க ஒக்காந்து படிக்கப்போறேன், அவ்வளவுதானே.”

“கட்டத்த யாரு வைப்பா?”

கதவோரம் நின்றிருந்த அக்கா, “நான் வைக்கிறேன்” என்றார். “கருமம், நட்டு எது வாஷர் எதுன்னு எனக்குத் தெரியாதா? இந்தக் கடைக்கு வாக்கப்பட்டுத்தானே வந்தேன்.”

பாய் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். “அப்ப ஆஸ்பத்திரில தேதி வாங்கிரு” என்றார்.

நான் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. எந்த டிரைவரும் செய்யக்கூடாத தப்பு. ஆரணிப் பக்கம் நவரை நெல் அறுப்பது பங்குனி, சித்திரையில். பங்குனியில் ஏது பனி? விடியும்போதே கதிர் காய்ந்து சலசலக்கிறது. சூரியன் முழுசாக மேலே வருமுன் வயல்காரர் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். நான் பாய்க்குக் கொடுத்த நேரம், அந்த ஊரில் இல்லவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அக்கா போன் செய்தபோது நான் வண்டிமேல் இருந்தேன். பாதி வயல் அறுபட்டிருந்தது. இஞ்சினை நிறுத்தினேன். இறங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்தேன்.

“என்னாச்சு டிரைவரே?” என்று வயல்காரர் வரப்பிலிருந்து கூப்பிட்டார்.

“செயின் மாட்டிக்கிச்சுங்க. கொஞ்ச நேரம் ஆவும்.”

வண்டியின் நிழலில் அறுத்த தாள்மேல் உட்கார்ந்து, கேட்கிற காதில் போனை வைத்துக்கொண்டேன். முதலில் கட்டத்தை வரிசை வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. கட்டில் விளிம்பில் தலையை வெளியே நீட்டிக் குப்புறப் படுத்திருக்கிறார் என்று அக்கா சொன்னார். தட்டு அவர் முகத்துக்கு நேர் கீழே, தரையில் ஒரு முக்காலிமேல் இருக்கிறது. கை இரண்டும் தொங்கித் தட்டைத் தொடுகிறது. குப்புறப் படுக்கிற ஆளுக்காகவே செய்ததுபோல அந்த ஏற்பாடு பொருந்திவிட்டது.

ஆனால் முதல் நாள் அவர் ஒரு விடையும் சொல்லவில்லை. நான் குறிப்பைப் படித்தால் “ம்” என்றார். அடுத்ததைப் படித்தால் அதற்கும் “ம்”. கடைசியில் அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தணிந்த குரலில் சொன்னார்: “ஒண்ணும் தெரியலையாம் தம்பி. தண்ணிக்குள்ள முழிச்சுப் பாக்குற மாதிரி இருக்காம். முன்னாடி தெரிஞ்ச நெழலுகூட இல்லையாம். டாக்டரு இப்படித்தான் இருக்கும்னாரு. ஆனா இவங்க நம்பமாட்டேங்குறாங்க.”

“நாளைக்கும் கூப்பிடுறேங்கா” என்றேன். 

மறுநாளும் செயின் மாட்டியது. அதற்கு மறுநாளும். வேறு வயலுக்குப் போனோம், அங்கேயும் மாட்டியது. நல்லவேளை, வண்டி முதலாளி சேலத்தில் இருந்தார். ‘தலை மாறிய இரும்பு ஆலைக்குப் போய் இனிக்கும்’ என்று ஒன்று வந்த அன்றைக்குத்தான் பாய் முதல் முறை வாய் திறந்தார்.

“கரும்பு” என்றார். குரல் தரையிலிருந்து வருவதுபோல் இருந்தது. “இரும்பு வித்தவன்கிட்டயே கேக்குறான் பாரு.”

அதற்குப் பிறகு நாளுக்கு இரண்டு மூன்று விடை சொன்னார். கழுத்து வலிக்கிறது என்றார். சோறு மூக்குக்குப் போகிறது என்றார். தொழுகிறவனுக்கு நெற்றியைத் தரையில் வைப்பது புதுசில்லை, எடுக்காமலேயே இருப்பதுதான் புதுசு என்றார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், “கீழ எழுது, ஆறாவது குறுக்கு அழகுன்னு. வாய்க்காலத் தொறந்துராத” என்றார். எழுதினேன்.

சித்திரை பிறந்திருந்தது. அன்றைக்கு வெயில் காலையிலேயே சுட்டது. வயல்காரருக்கு என்மேல் சந்தேகம் வந்திருந்தது. மூடியைத் திறந்தவுடன் வரப்பைவிட்டு இறங்கி வர ஆரம்பித்தார். நான் அவசர அவசரமாகக் கட்டத்தைச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கடைசி நட்டு விழுந்தது.

“வச்சாச்சு தம்பி, படிங்க” என்றார் அக்கா.

நான் முதல் குறிப்பைப் படிக்குமுன் பாயின் குரல் குறுக்கே வந்தது.

“இரு டிரைவரு. மூணாவது வரிசைய மறுபடி சொல்லு.”

சொன்னேன்.

“நடுவுல கறுப்புதானே?”

“ஆமா.”

“இவ வாஷர வச்சிருக்கா.”

“நான் சரியாத்தான் வச்சேன்” என்றார் அக்கா.

“பளபளன்னு இருக்குடி. கறுப்பா இருக்கவேண்டிய எடத்துல பளபளன்னு இருக்கு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு நான் கேட்டேன்: “தடவிப் பாத்தீங்களா பாய்?”

“இல்ல. கைய நெஞ்சுக்கு அடில வச்சிருக்கேன்.”

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இரும்புத் தட்டில்தான் விழுந்திருக்கவேண்டும், அவ்வளவு சத்தம். அக்கா அழுவது தூரத்தில் கேட்டது. அதன் நடுவே பாய், “ஐயையோ, கட்டத்தக் கலைச்சிட்டா, கட்டத்தக் கலைச்சிட்டா” என்று கத்திக்கொண்டிருந்தார். 

அதற்குமேல் பெரிதாகப் பார்வை வரவில்லை. ஆள் முகம் கிட்டத்தில் தெரிகிறது. போன் எழுத்து தெரியவில்லை, இனி தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வார், குறிப்பை நான் படிக்கவேண்டும். பனி விழும் மாதத்தில் கடையில், மற்ற மாதத்தில் செயின் மாட்டும்போது. நட்டும் வாஷரும் அப்படியே இருக்கின்றன. எத்தனை நாள் இந்த வெளிச்சம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. போன் அணைந்துவிட்டது. நான் தாள்மேல் உட்கார்ந்திருந்தேன். வயல்காரர் பக்கத்தில் வந்து நின்று திறந்திருந்த மூடிக்குள் எட்டிப் பார்த்தார். செயின் ஒழுங்காக எண்ணெய் பூசி அதனதன் இடத்தில் இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, குரலைக் குறைத்துக்கொண்டார்.

“என்ன டிரைவரே, சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுங்க” என்றேன். மூடியை மூடிவிட்டு வண்டியில் ஏறினேன்.